வெளிச்சத்தின் கணக்கு – 14: சிவப்புப் புடவையும் பச்சை முகமும்

ஒரே நெகட்டிவை மூன்று லேப்களில் கொடுத்தால் மூன்று விதமாகத்தான் பிரிண்ட் வரும். ஒன்றில் மணப்பெண் முகம் சிவந்திருக்கும், இன்னொன்றில் பச்சையோடியிருக்கும், மற்றதில் வெளுத்துப்போயிருக்கும். இதில் எது சரி என்று நெகட்டிவிடம் கேட்டுப் பயனில்லை. அதில் நிறத்துக்கான தகவல்தான் இருக்கிறது. நிறத்தை முடிவுசெய்வது பிரிண்ட் போடுகிறவர். ‘நல்ல பிலிம்தானே வாங்கினேன், படம் ஏன் இப்படி?’ என்று கேட்பவர்கள் பாதிக் கதையை விட்டுவிடுகிறார்கள்.

நெகட்டிவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் முதலில் கண்ணில் படுவது அந்த ஆரஞ்சு. கறை படிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. அது வேண்டுமென்றே வைத்தது. பிலிமில் உருவாகும் சாயங்கள் சுத்தமானவை அல்ல. சிவப்பு ஒளியை மட்டும் தடுக்க வேண்டிய சயான் சாயம், பச்சையிலும் நீலத்திலும் கொஞ்சம் கைவைக்கும். பச்சையைத் தடுக்க வேண்டிய மெஜந்தா, நீலத்தையும் தடுக்கும். இதை அப்படியே பிரிண்ட் போட்டால் நிறங்கள் எல்லாம் கலங்கிவிடும். கோடக் விஞ்ஞானி வெஸ்லி ஹான்சன் 1940களில் இதற்கு ஒரு வழி கண்டார். சாயத்தை உண்டாக்கும் ரசாயனத்துக்கே லேசாக நிறமேற்றிவிட்டார். படம் பதிந்த இடத்தில் அந்த நிறம் போய்ச் சாயம் வரும். பதியாத இடத்தில் நிறம் அப்படியே தங்கும். இப்படிச் சாயத்தின் குறை பிலிம் முழுக்க ஒரே சீராகப் பரவிவிடுகிறது. சீரான குறை என்றால் ஃபில்டர் வைத்துக் கழித்துவிடலாம். குறையை நீக்க முடியாதபோது அதைச் சமமாகப் பங்கு போட்டுவிட்ட இந்த யோசனைதான், என் கணக்கில், கலர் போட்டோகிராபியின் மிகப் பெரிய கெட்டிக்காரத்தனம்.

ரோலைக் கழுவுவதில் கலைக்கு இடமில்லை. 1972-ல் கோடக் கொண்டுவந்த சி-41 முறைதான் இன்றைக்கும். டெவலப்பர் 37.8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், நேரம் 3 நிமிடம் 15 விநாடி. அரை டிகிரி நகர்ந்தாலே நிறம் நகரும். ஆகவே லேப்பைத் தேர்ந்தெடுக்கும்போது கடையின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். தினமும் எத்தனை ரோல் வருகிறது என்று விசாரியுங்கள். ஓட்டமில்லாத கடையில் ரசாயனம் மெஷினுக்குள்ளேயே கிடந்து பழசாகும்.

இனி பிரிண்டுக்கு வருவோம். புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பிரிண்ட் மஞ்சளாக வந்தால் மஞ்சள் ஃபில்டரைக் கூட்ட வேண்டும். கேட்டால் தலைகீழாகத் தெரியும். பேப்பரில் மஞ்சள் சாயத்தை உண்டாக்குவது நீல ஒளி. மஞ்சள் ஃபில்டர் அந்த நீலத்தைத் தடுக்கும். நீலம் குறைந்தால் பேப்பரில் மஞ்சளும் குறையும். மெஜந்தாவுக்கும் இதே கதைதான். பிரிண்ட் பச்சையடித்தால் மெஜந்தாவைக் குறைக்க வேண்டும். சயான் ஃபில்டரைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. மூன்றையும் சேர்த்தால் வெளிச்சம்தான் குறையும், வேறு பலன் கிடையாது. ஈரப் பேப்பரைப் பார்த்து முடிவு செய்யவே கூடாது. காய்ந்த பிறகு நிறம் மாறும்.

இதையெல்லாம் கடையில் இருக்கும் மெஷின் தானாகச் செய்துவிடாதா? செய்யும். வம்பே அங்கேதான் ஆரம்பிக்கிறது. கோடக்கைச் சேர்ந்த ரால்ஃப் எவான்ஸ் 1946-ல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1951-ல் கிடைத்தது. ஒரு சாதாரணப் படத்தில் உள்ள நிறங்களையெல்லாம் கலந்தால் சராசரியாகச் சாம்பல் நிறம் வரும், எனவே சராசரி சாம்பலாகும்படி பிரிண்ட் போட்டால் போதும் என்பது அதன் சாரம். பிற்காலத்துத் தானியங்கி மெஷின்கள் இந்த யோசனையின் வழியில் வந்தவைதான். புல்வெளி, வானம், நான்கு பேர் என்று கலவையாக இருந்தால் இது அழகாக வேலை செய்யும்.

நம் கல்யாணம் அப்படிப்பட்டதா? அரக்குச் சிவப்பில் காஞ்சிபுரம் பட்டு, பின்னால் சிவப்புத் திரை, மேலே ரோஜா மாலை. படம் முழுக்கச் சிவப்பைப் பார்க்கும் மெஷின், வெளிச்சம்தான் சிவப்பாக இருந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு அதைக் குறைக்கும். புடவை மங்கும், பெண்ணின் முகத்தில் பச்சையும் நீலமும் ஏறும். வெள்ளை வேட்டி சட்டையில் மாப்பிள்ளை நின்றால், இவ்வளவு வெளுப்பா என்று மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். பாவம், மாநிற மாப்பிள்ளை கறுத்துப்போவார். தோல் நிறத்தைச் சரிபார்க்கப் பல லேப்களுக்குக் கோடக் அனுப்பிய மாதிரிப் படங்களில் பல காலம் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தார். ‘ஷெர்லி கார்டு’ என்றே அதற்குப் பெயர். பல நிறத்தவரும் இருக்கும் கார்டு வந்தது 1990களில்தான்.

மெஷினின் தவறைத் திருத்தத்தான் ஆபரேட்டர் இருக்கிறார். வீட்டில் பழைய ஆல்பம் இருந்தால் ஒரு போட்டோவை உருவித் திருப்பிப் பாருங்கள். பல பிரிண்ட்களின் முதுகில் மங்கலான மசியில் ஆங்கில எழுத்தில் ‘என் என் என் என்’ என்றோ, நடுவில் ஒரு எண்ணோடோ அச்சாகியிருக்கும். நிறங்களிலும் அடர்த்தியிலும் செய்த திருத்தக் கணக்கு அது. நான்கும் ‘என்’ என்றால் மெஷின் சொன்னதை யாரும் மாற்றவில்லை என்று பொருள். நல்ல ஆபரேட்டர் புடவையைப் பார்க்க மாட்டார், முகத்தைப் பார்த்துத்தான் பட்டனை அழுத்துவார்.

எவ்வளவு நல்ல ஆபரேட்டராலும் காப்பாற்ற முடியாத படங்களும் உண்டு. மண்டபத்தில் ஒரு பக்கம் வீடியோக்காரரின் மஞ்சள் ஹாலஜன், மறுபக்கம் டியூப்லைட்டின் பச்சை. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். வெளிச்சம் போதாமல் அண்டர் ஆன நெகட்டிவும் அப்படித்தான். இரண்டு ஸ்டாப் ஓவரானாலும் கலர் நெகட்டிவ் தாங்கும்; அண்டரானால் நிழல் பகுதி கலங்கும், கிரெயின் துருத்தும், கறுப்பு கறுப்பாக வராது. 400 பிலிமை 200 என்று வைத்து எடுக்கும் பழக்கம் அதனால் வந்ததுதான்.

இப்போது ரோலை ஸ்கேன் செய்து கொடுக்கும் கடைகளிலும் இதே சராசரிக் கணக்குதான் நடக்கிறது, மென்பொருளின் பெயரில். ஆகவே அடுத்த ரோல் கொடுக்கும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். முதல் ஃபிரேமில் ஒரு சாம்பல் அட்டையை, மற்ற படங்களை எடுக்கப்போகும் அதே வெளிச்சத்தில் எடுத்துவிடுங்கள். கவரின் மேல் ‘முகத்தைப் பார்த்துப் போடவும்’ என்று எழுதிக் கொடுங்கள். பிரிண்ட் சரியில்லை என்றால் பகல் வெளிச்சத்தில் வைத்துக் காட்டி, மறுபடி போடச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. எது நடந்தாலும் நெகட்டிவைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்; உங்கள் கல்யாணப் புடவையின் சிவப்பு இன்னும் அதில்தான் இருக்கிறது.

(தொடரும்)