'கேஸ்' தீரலை பாஸ்... ஃபில்டரைக் கழுவுங்க!

செமஸ்டர் முடிஞ்சு, அழுக்குத் துணி மூட்டையோடு வீடு வந்து சேர்ந்து, ஏ.சி. ரூமில் போய் விழுந்தால்... காத்து வருது, 'ஜில்' வரலை! கத்திரி வெயில் நேரத்தில் இதைவிடக் கொடுமை ஒண்ணுதான். அப்பாவின் அடுத்த டயலாக்: ''நீதான் இன்ஜினீயரிங் படிக்கிறியே, என்னன்னு பாரேன்!''

போன வருஷம் எங்க வீட்டில் இதே சீன். நான் திருதிருன்னு முழிச்சேன். மெக்கானிக் வந்தார். ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, ''கேஸ் தீர்ந்துபோச்சு சார்'' என்றார். 2,500 ரூபாய் காலி. ரெண்டே நாளில் பழைய குருடி கதவைத் திறடி கதை. போதாக்குறைக்கு ஏ.சி.யில் இருந்து தண்ணி வேறு சொட்ட ஆரம்பிச்சது. அடுத்து வந்தவர் முன்பக்க மூடியைத் திறந்து ஃபில்டரை உருவிக் காட்டினார். கம்பளி மாதிரி தூசு! அதைக் கழுவி மாட்டியதும் ரூம் ஊட்டி. தெர்மோடைனமிக்ஸ் பாஸ் பண்ணின நான், பக்கத்தில் நின்னு வேடிக்கை பார்த்தேன். அந்த வெட்கத்தில் தேடிப் படிச்சதைத்தான் உங்களுக்குச் சொல்றேன்.

கேஸ், பெட்ரோல் இல்லை!

வண்டி ஓட ஓட பெட்ரோல் தீரும். ஏ.சி. கேஸ் அப்படித் தீராது. மூடிய செப்புக் குழாய்க்குள் அதே கேஸ்தான் சுத்திச் சுத்தி வரும். ரூமில் இருக்கிற சூட்டை வாங்கி, வெளியே கொண்டுபோய்க் கொட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. கேஸ் குறைஞ்சிருக்குன்னா எங்கேயோ லீக் இருக்குன்னு அர்த்தம். அதை அடைக்காமல் கேஸ் ஏத்துறது, ஓட்டைக் குடத்தில் தண்ணி பிடிக்கிற மாதிரி.

அப்புறம் ஏன் ஏமாறுறோம்? அறிகுறி ஒண்ணா இருக்கிறதால்தான். ஃபில்டர் அடைச்சுக்கிட்டால், உள்ளே இருக்கும் காயிலுக்குப் போதுமான காத்து போகாது. காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து, காத்தில் உள்ள ஈரம் அதன் மேல் ஐஸாகப் படியும். ஐஸ் உருகும்போது சில சமயம் தண்ணி சொட்டும். கேஸ் குறைஞ்சாலும் இப்படி ஐஸ் பிடிக்கும். அதனால, முதலில் ஃபில்டர். அப்புறம்தான் மெக்கானிக்!

பத்து நிமிஷ வேலை

மெயின் சுவிட்சை அணைச்சுட்டு மூடியைத் திறங்க. ஃபில்டரை உருவி, குழாய்த் தண்ணியில் காட்டி, பழைய டூத் பிரஷ்ஷால் லேசாகத் தேயுங்க. நிழலில் நல்லாக் காயவெச்சு மாட்டுங்க. வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் வளைஞ்சுடும். கோடையில் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும்.

வெளி யூனிட் முன்னாடி துணி, பூந்தொட்டி, அட்டைப்பெட்டி எதுவும் வேண்டாம். சூடான காத்து வெளியேற வழி வேணும். ஆனா, அதைத் திறந்து ஹீரோ ஆகாதீங்க! கரன்ட்டை அணைச்ச பிறகும் கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு சார்ஜ் நிற்கும். மாடி விளிம்பில் எட்டிப் பார்க்கிற சாகசமும் வேண்டாம்.

மெக்கானிக் 'கேஸ்' என்றால் மூணு கேள்வி கேளுங்க. லீக் எங்கே? அடைச்சாச்சா? எத்தனை கிராம் ஏத்தப் போறீங்க? சரியான அளவு வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் லேபிளிலேயே இருக்கும்.

ஒரு யூனிட்... 233 ரூபாய்!

ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு தோராயமா ஒரு யூனிட் இழுக்குதுன்னு வைங்க. ராத்திரி 8 மணி நேரம், 60 நாள்... 480 யூனிட்! ஃபேன், ஃப்ரிட்ஜ் சேர்ந்தால் 500 தாண்டிடும். நம்ம ஊரில் அங்கேதான் ஆப்பு. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501-க்கு 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் எக்ஸ்ட்ரா! 500-ஐத் தாண்டினால் முன்னாடி ஓடின யூனிட்டுகளுக்கும் ரேட் ஏறிடுறதுதான் காரணம். அதுக்கப்புறம் ரேட் மாறியிருக்கு. இப்போதைய கணக்கை நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்க.

'16-ல் வெச்சா சீக்கிரம் கூலாகும்' என்பது இன்வெர்ட்டர் இல்லாத ஏ.சி.க்குப் பொருந்தாது. கம்ப்ரஸர் அதே வேகத்தில்தான் ஓடும். என்ன, நிக்காமல் ஓடும்! ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவிகிதம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 2020 ஜனவரியில் இருந்து, ஸ்டார் லேபிள் ஏ.சி.களைப் போட்டதும் 24 டிகிரியில்தான் தொடங்கணும்னு விதியே வந்தது. 26-ல் வெச்சு சீலிங் ஃபேனையும் சின்னதா சுத்தவிடுங்க. கதவு இடுக்கில் பழைய துணி. மத்தியானம் திரைச்சீலை. போதும்!

இதெல்லாம் எதுக்குன்னா... அந்தத் தடவை பில்லைப் பார்த்த அப்பா, ரிமோட்டை பீரோவில் வெச்சுப் பூட்டிட்டார். பாட்டி ராத்திரியெல்லாம் ஈரத்துண்டைப் போத்திக்கிட்டு, விசிறியும் கையுமா உட்கார்ந்திருந்தாங்க. நமக்கு வேர்த்தால் மொட்டைமாடிக்குப் போயிடுவோம். அவங்க எங்கே போவாங்க? இந்த வருஷம் ஃபில்டர் என் பொறுப்பு. ரிமோட் பாட்டி கையில்!

இந்த ஞாயித்துக்கிழமை நீங்களும் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறுங்க. ''என்னடா பண்றே?''ன்னு அப்பா கேட்டால், கெத்தா சொல்லுங்க... ''இன்ஜினீயரிங் படிக்கிறேன்ல!''