திரும்பப் பெற யாருமில்லாத பொருள்

விற்ற பண்டத்தில் குற்றம் காணப்பட்டால் விற்றவரே அதைத் திரும்பப் பெற வேண்டும் என்பது பழைய வியாபார தர்மம். இன்று அது சட்டமாகியிருக்கிறது. மக்களுக்கு ஊறு விளைக்கக்கூடிய சரக்கை, அறிவிப்புக் கொடுத்துச் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்வதையே 'திரும்பப் பெறுதல்' என்கிறோம். ஒரு முறை பயன்படுத்தி எறிந்துவிடும் மின் சிகரெட்டு விஷயத்தில் இம்முறை எவ்வாறு நடைபெறுகிறது, நம் நாட்டில் ஏன் நடைபெற இயலாது என்பதைச் சற்று ஆராய்வோம்.

விரல் நீளமுள்ள அக்குழாயினுள் ஒரு சிறு லித்தியம் பேட்டரி, ஒரு கம்பிச் சுருள், நிகோட்டின் கலந்த திரவம் ஆகிய மூன்றும் அடங்கியுள்ளன. உறிஞ்சியதும் சுருள் சூடேறுகிறது. திரவம் ஆவியாகி நுரையீரலுக்குள் செல்கிறது. இதில் புகையிலை எரிவதில்லை. ஆயினும் மனிதனை அடிமைப்படுத்தும் நிகோட்டின் அதே நிகோட்டின்தான்.

பிரிட்டனின் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, இத்தகைய கருவியில் 2 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் இருத்தலாகாது. ஒரு மில்லிலிட்டரில் நிகோட்டின் 20 மில்லிகிராமைத் தாண்டலாகாது. 2023 பிப்ரவரியில் ஒரு நாளிதழ் 'எல்ஃப் பார் 600' என்னும் வகையில் சிலவற்றைச் சோதிக்கச் செய்தபோது, வரம்பைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு திரவம் காணப்பட்டது. புதிதாக ஒரு நஞ்சு கலந்ததென்பதன்று. அளவு மீறியது என்பதே குற்றம். அதற்கே நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. பெரிய அங்காடிகள் அச்சரக்கை அகற்றின. 2025 ஜூன் 1 முதல் எறிந்துவிடும் வகை முழுவதும் அங்கே தடை செய்யப்பட்டுவிட்டது.

இங்ஙனம் ஒரு பொருளைத் திரும்பப் பெற, பெயர் தெரிந்த உற்பத்தியாளரும் பொறுப்பேற்கும் கடையும் வேண்டும். இந்தியாவிலோ 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின் சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடுத்துள்ளது. முதற் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆகவே இங்கே கைமாறுவது அனைத்தும் கள்ளச் சரக்கே. அபாயமான பண்டங்களைத் திரும்பப் பெறுமாறு உத்தரவிட 2020 ஜூலையில் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ரசீதின்றி மறைவில் விற்றவனைத் தேடி எந்த உத்தரவு போய்ச் சேரும்?

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறியுள்ள நாம், பிள்ளைகளைத் தொலைவிலுள்ள விடுதிகளில் விட்டிருக்கிறோம். பழ வாசனை வீசும், பேனாவைப்போன்ற இக்கருவி அவர்கள் பையில் காணப்பட்டால், சீறாமல் அருகிலமர்த்திப் பேசுவோம். பழக்கம் பற்றியிருந்தால் மருத்துவரை நாடுவோம். சிறு குழந்தை அத்திரவத்தை விழுங்கினால் வாந்தியும் வலிப்பும் வரக்கூடும். உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். கருவியை நசுக்குவதோ நெருப்பிலிடுவதோ கூடாது, பேட்டரி தீப்பற்றலாம்.

திரும்பப் பெற யாரும் வராத பொருளை, வீட்டினுள் வரவிடாமல் காப்பது நம் பொறுப்பேயாகும்.