பாலூ தம்பியைத் தெரியுமா?

பாலூ தம்பி என்று ஒருவர் இருக்கிறார். ஆள் இல்லை, எழுத்துரு. மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கிய பாலூ குடும்பத்தில் தமிழுக்குப் பிறந்தவர். தெலுங்கில் இவர் தம்முடு, மலையாளத்தில் சேட்டன், பஞ்சாபியில் பாஜி. முனையெல்லாம் உருண்டு, கையால் வரைந்ததுபோல் கொழுகொழுவென்று இருப்பார். முதலில் ஒரே தடிமன். பிறகு வந்த பாலூ தம்பி 2-ல் ஐந்து. காசு வேண்டாம், யாரும் இறக்கிக்கொள்ளலாம். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ஐஸ்கிரீம் கடை போர்டுக்கும், கல்வராயன் மலை வெள்ளிமலையில் பள்ளி ஆண்டு விழா பேனருக்கும் அசத்தலாகப் பொருந்துவார். பொடி எழுத்தில் போட்டால் மட்டும் 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கா? தயவுசெய்து வேண்டாம்!