காப்பி கிடைக்காத சீமை

நேயர்களே, காலைக் காப்பி ஆயிற்று அல்லவா? டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள், ஒரு பழைய பிரயாணம் போய் வரலாம். இனி இந்த மாதிரிக் காப்பி கிடைப்பது துர்லபம், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்!

இன்று தனுஷ்கோடியில் இடிந்த மாதாகோவிலும் ரயில்வே கட்டடத்தின் சில சுவர்களுமே மிச்சம். ஆனால் 1914 முதல் 1964 வரை அந்த மணல் திட்டுதான் இலங்கைக்கு வாசற்படி. பாம்பன் பாலம் வருவதற்கு முன், கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பலேறி இரவெல்லாம் கடலில் புரண்டார்கள். பாலம் வந்தபின் எழும்பூரிலேயே கொழும்புக்கு ஒரே டிக்கெட். மாலையில் போட் மெயில். மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடி. அங்கிருந்து நீராவிக் கப்பலில் ஏறக்குறைய 20 மைல். தலைமன்னாரில் மறுபடியும் ரயில். பொழுது விடிந்தால் கொழும்புக் கோட்டை. சொல்வதற்கு எவ்வளவு சுகமாக இருக்கிறது!

தனுஷ்கோடிக் காற்று மணலை வாரி இறைக்கும். கட்டுச்சோற்றைப் பிரித்தால் பல்லில் நறநறவென்கிறது. சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொல்கிறார். வீட்டு அம்மாள் அரை மணி நேரம் அடுக்கிய பெட்டியை அவர் அரை நிமிஷத்தில் கலைத்துவிடுகிறார். பிறகு கப்பல். அலை கொஞ்சம் புரட்டினால், மணலோடு உண்ட அந்தக் கட்டுச்சோறும் தங்குவதில்லை.

கொழும்பில் இறங்கியதும் பசி. சைவக் கடையைத் தேடிப் போய், "இடியாப்பம் இருக்கிறதா?" என்கிறீர்கள். "ஓம்" என்கிறார் பரிமாறுகிறவர். இவர் ஏன் பிரணவ மந்திரம் சொல்கிறார் என்று விழிக்க வேண்டாம். ஈழத்துத் தமிழில் ஓம் என்றால் ஆமாம். அவர்கள் பேசுவதில்லை, கதைக்கிறார்கள். அழகாக இருந்தால் 'வடிவு'. ரொட்டிக்குப் 'பாண்' என்று பெயர். போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். நல்ல வேளை, சைவக் கடைக்கு வந்தீர்கள். வேறு கடையில் தேங்காய்ச் சம்பலை ருசித்துச் சாப்பிட்ட பிறகு அதில் மாசிக் கருவாடு சேர்ந்திருப்பது தெரிந்தால், உங்கள் ஆசாரம் என்ன ஆவது?

சரி, காப்பி? நம் ஊர்க் காப்பி எளிதில் அகப்படாது. எங்கும் 'தேத்தண்ணி'தான். வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் இலங்கை மலைகளெல்லாம் காப்பித் தோட்டங்களாகவே இருந்தன. 1869-ல் இலையில் ஒரு துரு நோய் கண்டது. இருபது வருஷத்துக்குள் தோட்டங்கள் அழிந்தன. 1867-லேயே ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நட்டுப் பார்த்திருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் ஏராளமான ஆள் வேண்டும். நம் ஜில்லாக்களிலிருந்து போனவர்களில் பலர் வேலை முடிந்ததும் திரும்பி வந்தார்கள். தேயிலையோ வருஷம் முழுவதும் கொழுந்து விடும். ஆகவே போனவர்கள் அங்கேயே 'லயம்' என்னும் வரிசை வீடுகளில் தங்கிவிட்டார்கள்.

உங்கள் பெட்டி கலைந்ததை நொந்துகொண்டீர்களே, அவர்கள் பட்டதைக் கேளுங்கள். தோட்டத்துக்குப் போகிற கூலி ஜனங்களை மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில் இறக்கி, வைத்தியப் பரிசோதனை செய்து, அம்மை குத்தி, நாள்கணக்கில் நிறுத்தி வைத்த பிறகே கப்பலில் ஏற்றினார்கள்.

அப்படிப் போனவர்களின் பிள்ளைகளையும் பேரன்மார்களையும் 1948-ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிற்று. 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவாயிற்று. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயல் அடித்துத் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலும் பிரயாணிகளோடு போயிற்று.

அதன் பிறகு கப்பல் ராமேசுவரத்துக்கு வந்தது. 1984 வரை ஓடியது. அதில் வந்து இறங்கியவர்களில் பலர் தமிழ்நாட்டை அதற்குமுன் கண்ணால் கண்டதே இல்லை. மலைக்குளிரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ராமநாதபுரத்து வெயில் எப்படி இருந்திருக்கும்! தாத்தா புறப்பட்ட ஊரின் பெயர் தெரியும். அங்கே போனால் அடையாளம் கண்டு "வாப்பா" என்று அழைக்க ஆள் இருக்க வேண்டுமே. டீக்கடையில் 'தேத்தண்ணி' கேட்டால், கொழும்பில் நீங்கள் விழித்த மாதிரி, இங்கே கடைக்காரர் விழிப்பார்.

இவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு 1968-ல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. அக்கரையில் கூடை சுமந்த பெண்களில் பலர் கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடியும் முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளப் போனார்கள்.