கலையும் கைத்தொழிலும்

செட்டிநாட்டு வீடுகளின் தேக்கு நிலைகளில் பூங்கொடிகளைச் செதுக்கிய தச்சர்கள், அத்திறனைத் தம் முன்னோரிடமே கற்றனர். வகுப்பறையில் கலை பயிற்றும் முறை ஐரோப்பியர் வழியாக நம் நாட்டிற்கு வந்தது. 1850-ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பின்னர் அரசு அதனை ஏற்று நடத்தியது. ஐரோப்பிய ஓவியத்தைக் ‘கலை’ என்றும், நம்மவர் கைத்திறனைத் ‘தொழில்’ என்றும் பிரித்தறியும் போக்கு அக்காலத்தில் வேரூன்றியிருந்தது.

1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அப்பள்ளியின் தலைமையை ஏற்ற முதல் இந்தியரானார். மெரினா கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலை அவர் வடித்ததே. அவருக்குப் பின் பொறுப்பேற்ற அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கர், மேலைநாட்டு உத்திகளைக் கற்றபின் நமக்கென உரிய வடிவம் யாது என்னும் வினாவை எழுப்பினார். அவ்வினாவின் தொடர்ச்சியாக 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று. அங்கு வாழ்ந்தோர் பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அவ்வருவாயைக் கொண்டு ஓவியம் தீட்டினர், சிற்பம் வடித்தனர். தாழ்வாகக் கருதப்பட்ட கைத்தொழிலே கலையை வாழவைத்தது.

உங்கள் ஊரின் பழைய நிலைக்கதவு ஒன்றை உற்று நோக்குங்கள். அதனைச் செதுக்கியவர் தொழிலாளரா, கலைஞரா?