கரை இறங்காத நாளுக்கு யார் பொறுப்பு?

உல்லாசக் கப்பல் விளம்பரத்தில் நம் கண் முதலில் போவது எந்தெந்த ஊரில் இறங்கலாம் என்பதில்தான். 2022 ஜூன் 4 அன்று தமிழ்நாடு முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பிய ‘எம்பிரஸ்’ கப்பலின் பயணத் திட்டத்தில் புதுச்சேரியும் இருந்தது. அதே மாதம் கப்பல் புதுச்சேரிக்கு வந்தபோது, கப்பலில் சூதாட்டம் உண்டு என்ற எதிர்ப்புக்கு நடுவே புதுச்சேரி அரசு அனுமதி தரவில்லை. பயணிகள் கரையைப் பார்த்ததோடு சரி. இப்படிப் போன நாளுக்கு யார் பொறுப்பு? எந்தத் துறைமுகத்தையும் விட்டுவிடக் கப்பலுக்கு உரிமை உண்டு என்று டிக்கெட்டின் பொடி எழுத்து சொல்லும். அதைப் பார்த்ததும் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். தடை யார் கையில் இருந்ததோ அவர் தலையில்தான் இழப்பும் விழ வேண்டும். பொடி எழுத்தால் அதை மாற்ற முடியாது.

ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் உருவாகி, கப்பலின் கேப்டன் துறைமுகத்தைத் தவிர்த்தால் அவரோடு மல்லுக்கு நிற்கக் கூடாது, உயிர் பெரிது. அப்போதும் துறைமுகத்துக்குச் செலுத்தப்படாத கட்டணத்தையும், நடக்காத சுற்றுலாவுக்குக் கட்டிய பணத்தையும் கேட்கலாம். அனுமதி கைக்கு வரும் முன்பே டிக்கெட் விற்பது வேறு கதை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடுதான். “கையெழுத்துப் போட்டீர்களே” என்பார்கள். நியாயமற்ற ஒப்பந்தத்தையும் அந்தச் சட்டம் கேள்வி கேட்க விடுகிறது. அதற்கு மட்டும் மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும்.

பயணியின் தவறும் உண்டு. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் தனியார் சுற்றுலா போன எட்டுப் பேர் தாமதமாக வந்தார்கள். கப்பல் அவர்களை விட்டுவிட்டுக் கிளம்பியது. கப்பலே நடத்தும் சுற்றுலா என்றால் பெரும்பாலும் காத்திருக்கும். வெளியே பேசி எடுத்த வண்டிக்குக் காத்திருக்காது. நேரக் குழப்பம் இன்னும் ஆபத்து. சிங்கப்பூரில் ஏறி ஃபுக்கெட்டில் இறங்குகிறவரின் கைபேசி தாய்லாந்து நேரத்துக்கு மாறி ஒரு மணி நேரம் பின்னால் காட்டும். கப்பல் கடிகாரம் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடலாம். (இந்தியாவிலிருந்து இலங்கைக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, இரு நாட்டுக்கும் ஒரே நேரம்.) இறங்கும் முன் கப்பல் நேரத்தைக் கேட்டு, துறைமுக முகவரின் எண்ணையும் பாஸ்போர்ட் நகலையும் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் இழப்புக்கு வழக்கு எதற்கு, அதற்குக் கப்பல் நிறுவனம் இருக்கும் மும்பைக்கா அலைவது என்பது அடுத்த தயக்கம். திருமழிசையில் குடியிருப்பவர் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். புகார்தாரர் வசிக்கும் இடமே போதும் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பாயம் என்று எழுதியிருந்தாலும் ஆணையத்தின் கதவு மூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் பார்க்கலாம். புகார் கொடுக்கக் கெடு இரண்டு ஆண்டு. ஆனால் துறைமுகம் ரத்து என்று அறிவிக்கும் அன்றே, கப்பலின் வரவேற்பு மேசையில் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். ஊர் திரும்பிய பிறகு கேட்டால் எல்லாவற்றுக்கும் வானிலைதான் காரணமாக இருக்கும்.