ஒரு கூரை, பன்னிரண்டு அடுப்புகள்

கினிகத்தேனையின் பெயரிலேயே நெருப்பு இருக்கிறது. சிங்களத்தில் ‘கினி’ என்றால் தீ. தீப்பிடித்த சேனை என்பதே ஊர்ப்பெயரின் பொருள். இத்தனை மழை பெய்யும் ஊரில் தீயா என்று கேட்பீர்கள். மழையும் ஒரு காரணம்தான்! ஈர விறகு காய வேண்டுமென்று அடுப்புக்கு மேலேயே பரண் கட்டி அடுக்கிவிடுகிறோம்.

தோட்ட லயன்கள் எரிந்த செய்தி அடிக்கடி வருகிறது. ஒரு வீட்டில் பிடித்த தீ வரிசை முழுவதையும் கொண்டுபோவது ஏன்? வெள்ளைக்காரர் காலத்து லயன்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. பன்னிரண்டு வீடுகளுக்கும் மேலே ஒரே வெளி, பழைய மரச் சட்டங்கள். சுவரைக் கூரைவரை உயர்த்தி, பழைய வயர்களை மாற்றி, ட்ரிப் சுவிட்ச் பொருத்தினால் பாதி ஆபத்து குறையும். செலவு யாருடையது? 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. குடியிருப்பவருக்கோ பெரும்பாலும் உறுதிப்பத்திரம் இல்லை. தமக்குச் சொந்தமில்லாத கட்டடத்தை அவர் காப்புறுதி செய்ய முடியாது. ஆனால் தையல் மெஷினும் அலுமாரியும் அவருடையவை; அவற்றைச் செய்யலாம்.

லண்டனில் 2017 ஜூன் 14இல் கிரென்ஃபெல் மாடிக் கட்டடம் எரிந்து 72 பேர் இறந்தனர். வெளிச்சுவரில் ஒட்டியிருந்த தகடுகள் தீயை ஏற்றிச் சென்றன. அத்தகைய தகடுள்ள குடியிருப்புகளின் காப்புறுதிக் கட்டணம் 2016க்கும் 2021க்கும் இடையில் 187 சதவீதம் உயர்ந்ததாக அங்குள்ள நிதிக் கண்காணிப்பு அமைப்பு 2022இல் கண்டது. அந்தச் சுமையும் குடியிருந்தவர்கள் தலையில்தான் விழுந்தது.

நம் பஸாரில் கீழே கடை, மேலே வீடு. கடையில் மண்ணெண்ணெயோ பெயின்ட்டோ இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள் சகோதரிகளே! மறைத்தது தெரிந்தால் நட்டஈடு கிடைக்காமல் போகலாம். தொகையைக் குறைத்துப் போடுவதும் வீண் சிக்கனம். ஐம்பது இலட்சம் பெறுமதியான வீட்டை இருபத்தைந்துக்குச் செய்தால், பத்து இலட்சம் சேதத்துக்குப் பெரும்பாலும் ஐந்துதான் வரும். வயரிங்கைத் திருத்தியிருந்தால் அதன் சான்றிதழைக் காட்டிக் கட்டணத்தைக் குறைக்கக் கேளுங்கள். கேட்காமல் எவரும் குறைப்பதில்லை.

காப்புறுதி கூடுமா என்ற தயக்கம் நம் வீடுகளில் உண்டு. ஜித்தாவின் இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1985 டிசம்பரில் வணிகக் காப்புறுதியை மறுத்து, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையை ஏற்றது. அதுவே தகாஃபுல். நம் நாட்டில் அமானா தகாஃபுல் 1999இல் தொடங்கியது.

எதில் சேர்ந்தாலும், பொருட்களின் பட்டியலையும் ரசீதுகளின் பிரதியையும் உங்கள் வீட்டில் மட்டும் வைக்காதீர்கள். உம்மா வீட்டு அலுமாரியில் ஒரு கட்டு இருக்கட்டும்.